அடியைப் பார்க்காமல் போட்ட நான்கு கையெழுத்துகள்

எண்ணெய் இறக்கும் தளத்தில் புதிதாகச் சேர்ந்த உங்களில் மூன்று பேராவது என்னிடம் கேட்டுவிட்டீர்கள். "அலமாரி மேல்தட்டுல நாலு பழைய பாட்டில் இருக்கே அக்கா, தூக்கிப் போட்டுடலாமா?" வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறை உங்களைப் பார்க்க வருகிறேன் அல்லவா? உங்களைப் பார்க்க என்பது பாதிதான் உண்மை. பாட்டில்கள் இருக்கின்றனவா என்று பார்க்கவும்தான் வருகிறேன். காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் எனக்கும் தூக்கம் வரும்.

நான் உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவள். ரசாயனம் தெரியாது. ஆங்கிலத்தில் நாலு வரிக்கு மேல் எழுத வராது. கவலைப்பட மட்டும் நன்றாக வரும். மின்தூக்கியில் கீழே இறங்கிய பிறகு, அடுப்பை அணைத்தோமா என்று மறுபடி மேலே ஏறிப் பார்க்கிற ஆள் நான். தெம்பனிஸில் ரயில் ஏறினால் துவாஸ் வரைக்கும் ஒரே பாதை, சிங்கப்பூர்த் தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. அத்தனை நிலையத்திலும் ஒரு கவலை ஏறும், எதுவும் இறங்காது. இவ்வளவு கவலைப்படுகிறவள் வேலையில் தப்பு செய்ய மாட்டாள் என்று நானும் நினைத்தேன், மற்றவர்களும் நினைத்தார்கள்.

டேங்கர் கதைக்கு முன்னால் தேக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் இது புரியாது.

அப்போது நான் லாரியோடு போய்க் கடைகளில் பொரித்து முடித்த எண்ணெயைச் சேகரிப்பவள். தேக்கா உணவங்காடியில் மணியம் அண்ணன் வடைக்கடை வைத்திருந்தார். சுத்த சைவம். அவருடைய டிரம்முக்குப் பச்சை மூடி. பக்கத்துக் கோழிக்கடை டிரம்மோடு அது ஒட்டக்கூடாது, நடுவில் ஒரு சாண் இடைவெளி வேண்டும்.

"லாரியில ஏத்துனா ரெண்டையும் ஒண்ணாத்தானே ஊத்தப் போறோம் அண்ணே?"

"ஊத்திக்கோ தங்கச்சி. என் கண்ணு முன்னால ஊத்தாத, அவ்ளோதான்."

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. சில இடங்களில் புது எண்ணெயை ஊற்றி டிரம்மை நிரப்பி, பழசு என்று கொடுக்கிறார்களாம். ஒரு காலை மணியம் அண்ணன் டிரம்மைத் திறந்தேன். எண்ணெய் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. கவலைக்காரியின் மூளை எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டு நொடியில் அவர் மோசடிக்காரராகிவிட்டார், நான் அதற்குத் துணைபோனவளாகி, என் வேலையும் போய்விட்டது. உடனே டிரம்மில் சிவப்பு டேப்பை ஒட்டி, "இதை எடுக்க முடியாது" என்றேன். காலைப் பசியாறும் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வடை அரிக்கிற நீளக் கரண்டியை என்னிடம் நீட்டினார்.

"மேல பாத்துட்டு மேலோட்டமாப் பேசுற. அடியில விட்டுப் பாரு."

விட்டேன். கரண்டியில் உளுந்துத் துணுக்கு, கருகிய கறிவேப்பிலை, உடைந்த மிளகு எல்லாம் வந்தன.

"இது என்ன மாசம்?" என்றார்.

புரட்டாசி. விரதக்காரர்கள் வரிசையில் நிற்கிற மாதம். அந்த மாதம் முழுக்க அவர் தினமும் எண்ணெய் மாற்றுவார். ஒரே நாள் பொரித்த எண்ணெய் தெளிவாகத்தான் இருக்கும். தமிழச்சியாகப் பிறந்து, நானே சனிக்கிழமை விரதம் இருந்துகொண்டு, எனக்கு அது தோன்றவில்லை. டேப்பை உரித்தேன். பசை மட்டும் டிரம்மில் நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அடுத்த ஒரு மாதம் எனக்கு வழக்கம்போலத் தேநீர் கொடுத்தார், பேச்சு மட்டும் இல்லை. அந்தத் தேநீரைக் குடிக்கிற கஷ்டம் உங்களுக்கு வரவே வேண்டாம்.

அன்றிலிருந்து இரண்டு விஷயம் பிடித்துக்கொண்டேன். எண்ணெயை அடியில் பார். ஒருவரைப் பொய்யர் என்று சொல்வதற்கு முன்னால் இன்னொரு தடவை பார். இந்த இரண்டையும் தெரிந்து வைத்திருந்தவள்தான் அந்த நான்கு கையெழுத்தையும் போட்டாள்.

சில ஆண்டுகளில் என்னைத் துவாஸ் தளத்துக்கு மாற்றினார்கள். வருகிற எண்ணெயைப் பார்த்து, 'இது சமையலில் பயன்படுத்திய எண்ணெய்' என்று தாளில் கையெழுத்துப் போடுகிற வேலை. இப்போது உங்களில் ஒருவர் செய்கிற வேலை. அந்தக் கையெழுத்துக்கு ஏன் அவ்வளவு கனம் என்று புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம் எண்ணெய் டீசலாகிறது, விமான எரிபொருளாகிறது. இதற்காக ஒரு செடிகூடப் புதிதாக நடவில்லை, ஒரு மரம்கூட வெட்டவில்லை, எப்படியும் வீணாகப் போவதை எடுத்துத்தான் செய்தோம் என்பதுதான் வாங்குகிறவருக்கு நாம் தருகிற வாக்கு; அதைச் சோதித்து வெளியார் நமக்குச் சான்றிதழும் தருகிறார்கள். அந்த வாக்குக்காகவே பழைய எண்ணெய் புதிய பாமாயிலைவிட விலை கூடிவிடும் காலங்கள் உண்டு. அப்போது சிலர் புதியதைக் கருக்கிப் பழசாக்குவார்கள். பழசு என்ற பெயரில் புதுசு போனால் வீணாவது குறையாது. பனை நட இன்னும் கொஞ்சம் நிலம் வேண்டும், அதற்கு எங்கோ இன்னும் கொஞ்சம் காடு போக வேண்டும். அவ்வளவுதான் நடக்கும்.

அண்டை நாட்டில் காடு எரிந்து புகைமூட்டம் வந்த நாட்களில் என் மகளுக்கு மூச்சு இழுக்கும். வீட்டுச் சன்னல்களைச் சாத்தி, இடுக்கில் ஈரத் துண்டைச் சொருகிவிட்டு, அவள் மருந்தை உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் புகை முழுக்க எண்ணெய்ப்பனைக்காக எரித்ததால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனால் அதில் நான் கையெழுத்துப் போட்ட புகை இருக்கக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரிலிருந்து ஒரு புதிய வியாபாரி எண்ணெய் அனுப்பத் தொடங்கினார். வாரம் ஒரு டேங்கர். நாற்பது சாப்பாட்டுக் கடைகளில் சேகரித்தது என்று கடைப் பெயர், முகவரி, கையெழுத்தோடு பட்டியலும் வரும். டேங்கரை ஓட்டி வந்தவர் நம் தமிழர், நல்ல மனிதர். முதல் நாள் நான் ஏணியில் கால் வைத்ததுமே ஓடி வந்தார்.

"அக்கா, உங்க முட்டியோட எதுக்குக்கா மேல ஏறுறீங்க? நான் எடுத்துத் தர்றேன். ரெண்டு பாட்டில் போதுமா?"

"போதும்பா" என்றேன்.

அவர் மேலேறி, மூடியைத் திறந்து, மேலோட்டமாக மொண்டு கொடுத்தார். கறுப்பாக இருந்தது, கருகல் வாசனை அடித்தது. ஒரு பாட்டில் லேபுக்குப் போனது, ஒரு பாட்டில் வழக்கப்படி அலமாரிக்கு. லேபில் குகன் சோதித்துவிட்டுச் சரி என்றான். நான் கையெழுத்திட்டேன். இரண்டாவது வாரம் அவர் என் முட்டிக்குத் தைலம் வாங்கி வந்தார். மூன்றாவது வாரம், நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. நான்காவது வாரமும் அப்படித்தான். அடுப்பைப் பார்க்க மாடி ஏறுகிறவள், "அக்கா" என்று ஒருவர் வாய் நிறையக் கூப்பிட்டதும் ஏணி ஏறவில்லை.

ஐந்தாவது வாரம் வேறு ஓட்டுநர் வந்தார். சின்ன வயது.

"ஆன்ட்டி, சீக்கிரம் பாருங்க லா. பாலத்துல ஜாம் ஆரம்பிச்சிடும்."

ஆன்ட்டி! ரோஷத்தில் ஏணியில் ஏறினேன். இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அன்று நான் புத்திசாலித்தனத்தால் கண்டுபிடித்தேன் என்று தளத்தில் ஒரு கதை உலவுகிறது. அப்படி ஒன்றும் இல்லை. கோபத்தில் ஏறினேன். ஏறிவிட்டதால் நீளக் குழாயை அடிவரை விட்டேன்.

அடியில் ஒன்றுமே இல்லை. நாற்பது கடை எண்ணெய் வந்து நின்றால், எவ்வளவு வடிகட்டியிருந்தாலும் அடியில் சேறு இருக்கும். மாவு, மிளகாய்த் தோல், நெத்திலித் தலை, கொஞ்சம் தண்ணீர், ஏதாவது. இதில் அடியும் மேலும் ஒரே மாதிரி, குழாயின் நுனியில் கரித்தூள்போல நைசான கறுப்பு மட்டும். முகர்ந்தேன். கருகல் இருந்தது, சமையல் இல்லை. பூண்டு இல்லை, மீன் இல்லை, பெலச்சான் என்கிற இறால் விழுது இல்லை.

உடனே மணியம் அண்ணன் டிரம்மில் நின்றுபோன பசை கண்ணில் வந்தது. இன்னொரு தடவை பார், மல்லிகா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கீழே இறங்கி அலமாரிக்குப் போனேன். பழைய நான்கு பாட்டிலையும் எடுத்து வெளிச்சத்தில் வரிசையாக வைத்தேன். பக்கத்தில் நம் உள்ளூர்க் கடைகளின் பாட்டில்கள் நாலு. உள்ளூர் நாலும் நாலு விதம். ஒன்றின் அடியில் சிவப்பு, ஒன்றில் பொரித்த மாவு, ஒன்று கலங்கல், ஒன்று தெளிவு. ஜொகூர் பாட்டில் நாலும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒரே முகம். அதே நிறம், அடியில் அதே கரித்தூள்.

குகனைக் கூப்பிட்டேன். பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்தவன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா காலத்திலிருந்தே எழுத்து வேலை. என்னைக் கிண்டல் செய்யாமல் அவனுக்கு ஒரு நாள் போகாது.

"என்னக்கா, அடுப்பு ஞாபகம் வந்துடுச்சா?"

"இந்த நாலுக்கும் உன் சோதனை நம்பரை எடுத்துட்டு வா."

"நாலும் பாஸ் கா. நான்தானே செஞ்சேன்."

"பாஸா ஃபெயிலான்னு கேக்கல. நாலையும் பக்கத்துல பக்கத்துல வை."

வைத்தான். சிரிப்பு நின்றது. நான்கு வாரமும் ஏறக்குறைய ஒரே எண்கள். நம் கடை எண்ணெயின் எண்கள் வாரத்துக்கு வாரம் எகிறும், இறங்கும்.

"தனித்தனியா பார்த்தேன்கா" என்றான் மெதுவாக. "சேத்து வச்சுப் பார்க்கவே இல்ல."

"நாற்பது கடை நாலு வாரமும் ஒரே மாதிரி சமைக்குமா?"

அவன் கடைப் பட்டியலை எடுத்து, கைப்பேசி வரைபடத்தில் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டினான். முதலாவது டயர் கடை. இரண்டாவது மழலையர் பள்ளி. மூன்றாவது வேலி போட்ட காலி இடம். நான்காவது நிஜமாகவே ஒரு நாசி பாடாங் சோற்றுக்கடை. அதன் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்து நானே மலாயில் பேசினேன். உங்கள் பழைய எண்ணெயை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா, மைத்துனரிடம் என்றார். வியாபாரியின் பெயரைச் சொன்னேன்.

"யாரது?" என்றார். "என் கையெழுத்தா? நான் எதிலயும் கையெழுத்துப் போடலையேம்மா."

மதியம் மூன்று மணி. மறுநாள் காலை கப்பலில் ஏற்ற வேண்டும். இந்த டேங்கர் இல்லாவிட்டால் சொன்ன அளவு நிரம்பாது. முதலாளி அறைக்கு இருவரும் போனோம். அவரை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். சீனர், சத்தம் போடாதவர், என்னை லாரியிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தவர். ஆங்கிலத்தில்தான் பேசினோம், நான் உடைந்த ஆங்கிலத்தில்.

"லேப் பாஸ் பண்ணியிருக்கு, மல்லிகா."

"லேப் கரெக்ட் பாஸ். எண்ணெய்தான் தப்பு."

பட்டியலையும் படங்களையும் குகன் காட்டினான். பாஸ் நீண்ட நேரம் டயர் கடையையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது தப்புன்னா, முன்னால வந்த நாலு?"

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான்.

"அந்த நாலும் போயாச்சு. உன் கையெழுத்தோட போயாச்சு. இதை நிறுத்தினா அதையும் சொல்லணும். சொன்னா நம்ம சான்றிதழ் நிக்குமான்னு தெரியாது. நீ இந்த வேலையில நிக்க மாட்டே, அது தெரியும். யோசிச்சுட்டு வா."

அவர் மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அதனால்தான் அது அவ்வளவு கனமாக இருந்தது.

கழிவறைக்குப் போய்க் கை கழுவினேன். மூன்று தடவை கழுவினேன். ஒரு வழி இருந்தது, கண்ணுக்கு முன்னால் இருந்தது. இந்த ஒரு டேங்கரை மட்டும் 'தண்ணீர் அதிகம்' என்று திருப்பி அனுப்பலாம். அந்த வியாபாரியிடம் இனி வாங்காமல் இருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. நான்கு பாட்டிலையும் கழுவிக் கவிழ்த்துவிட்டால் எனக்கே சில வருடத்தில் மறந்துவிடும். மறக்குமா? அணைத்த அடுப்பையே நம்பாதவளுக்கு, எரிகிற அடுப்பு மறக்குமா? இல்லாத ஆபத்துக்கெல்லாம் ஆயுள் முழுக்கப் பயந்தாயிற்று. இப்போது நிஜமாகவே ஒன்று வந்திருக்கிறது, இதற்கு எழுந்து நிற்காவிட்டால் அத்தனை வருடக் கவலையும் வெறும் கெட்ட பழக்கம்தான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் குழாயை மூடிவிட்டேன், நாலாவது தடவை கழுவவில்லை. எனக்கே ஆச்சரியம்.

மேசைக்கு வந்து ஒரு தாளை எடுத்தேன். குகன் பக்கத்தில் வந்து நின்றான்.

"நான் டைப் பண்ணித் தரட்டுமாக்கா? நல்ல இங்கிலீஷ்ல?"

"வேணாம். நல்ல இங்கிலீஷ்ல எழுதினா தப்பு சின்னதாத் தெரியும்."

நான்கு வரி எழுதினேன். ஐந்தாவது டேங்கர் பயன்படுத்திய எண்ணெய் இல்லை, நான் கையெழுத்துப் போட மாட்டேன். இதே வியாபாரியின் முதல் நான்கு டேங்கரும் இதே எண்ணெய். அந்த நான்குக்கும் அடியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான். சாம்பிள் பாட்டில்கள் என்னிடம் இருக்கின்றன.

குகன் வாசித்தான். பேனாவை என் கையிலிருந்து வாங்கி, கீழே தன் பெயரையும் எழுதினான். "எண்களைச் சேர்த்து வைத்துப் பார்க்காதது நான்" என்று ஒரு வரி. கிண்டல் செய்கிற பிள்ளைகளைக் குறைவாக எடை போடாதீர்கள்.

பாஸ் தாளைப் படித்தார். எங்களைப் பார்க்காமலேயே தொலைபேசியை எடுத்து, கப்பலுக்கு அளவு குறையும் என்று சொன்னார். பிறகு சான்றிதழ் கொடுத்தவர்களுக்கு எங்கள் தாளை அப்படியே அனுப்பச் சொன்னார். வாசலில் காத்திருந்த அந்தச் சின்னப் பையனிடம் நானே போய், டேங்கரைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன்.

"என்ன ஆன்ட்டி, எண்ணெய் சரியில்லையா?"

"எண்ணெய் ரொம்ப நல்லாருக்கு தம்பி. அதான் பிரச்சினை."

அதற்குப் பிறகு நடந்தது சினிமாவில் வருவதுபோல இல்லை. பல மாதம் சான்றிதழை நிறுத்தி வைத்தார்கள். தளம் பாதி காலியாகக் கிடந்தது. கைகழுவும் இடத்தில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கையெழுத்து வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள், அது நியாயம். மறுபடி லாரியில் ஏறித் தேக்காவுக்குப் போனேன். மணியம் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, பதவி இறக்கமா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். வடையை அரித்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ இந்தத் தடவை டேப்ப உனக்கே ஒட்டிக்கிட்ட."

"ஆமாண்ணே."

"பசை போகாது" என்றார். தேநீரை நீட்டினார். அன்று அதைக் குடிப்பதில் கஷ்டம் இல்லை.

சான்றிதழ் திரும்ப வந்தபோது பாஸ் என்னைக் கூப்பிட்டு, பழைய நாற்காலிக்கு வருகிறாயா என்றார். வருகிறேன், ஆனால் ஓட்டுநர் கையால் எடுத்த பாட்டிலை இனி யாரும் வாங்கக்கூடாது என்றேன். ஏணி ஏற முடியாதவர் கையெழுத்துப் போடக்கூடாது, முட்டி வலி வந்தால் நாற்காலியை விட வேண்டும் என்றேன். குகன் தன் பங்குக்கு, ஒவ்வொரு வாரத்துச் சோதனை எண்களையும் பழைய வாரங்களோடு சேர்த்து வைத்துப் பார்க்கிற ஒரு தாளைத் தயாரித்தான். மழையில் ஏணி ஏறும்போது நீங்கள் திட்டுகிற விதிகள் இவைதான். திட்டிக்கொண்டே ஏறுங்கள், பரவாயில்லை. நானும் கோபத்தில்தான் ஏறினேன். பிற்பாடு என் முட்டி அந்த ஏணிக்கு ஒத்துழைக்காத காலையில் நான் சொன்னபடியே நாற்காலியை விட்டேன்.

அந்த நான்கு டேங்கரைத் திரும்பக் கொண்டுவர முடியாது. எரிந்துவிட்டன. எங்கள் மாடிக்கு மேலே சாங்கி விமான நிலையத்திலிருந்து விமானம் ஏறும்போது, அன்று எரிந்தது இதுபோல எந்த விமானத்திலோ என்று இன்றும் ஒரு கவலை வரும். அதைப் போக்க நான் எதுவும் செய்வதில்லை. அது எனக்கு வேண்டிய கவலை.

உங்களையும் யாராவது வாய் நிறைய அக்கா என்பார்கள், அண்ணா என்பார்கள். தைலம்கூட வாங்கி வருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், முட்டியில் தேய்த்துக்கொண்டு ஏணியில் ஏறுங்கள்.

பாட்டில்களைத் தூசி தட்டலாம், கழுவ வேண்டாம். கையெழுத்துப் போடும் நாற்காலியில் உட்கார்ந்து தலை நிமிர்ந்தால் அந்த நாலும் நேராகக் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன். தட்டை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றின் சீட்டிலும் என் பெயர் இருக்கிறது. மை மங்கினால் சொல்லுங்கள், நான் வந்து மறுபடி எழுதிவிட்டுப் போகிறேன்.